மக்கீன் ஹாஜியார் வீதி

உங்கள் வட்டாரத்து உறுப்பினர் சபையில் கடைசியாக எப்போது வாய் திறந்தார்? கொட்டாவி விட்டதைச் சேர்க்காமல் சொல்லுங்கள்.

தெரியாதா? அப்படியானால் பேசா உறுப்பினர் என்ற இனத்தை அறிந்துகொள்ளுங்கள். இது இன்று நேற்று முளைத்ததல்ல. நானூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது: தகப்பன் வழியில் நிலமும் மாமனார் தயவில் ஆசனமும் பெற்று, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் கஞ்சிபோட்ட துணி அணிந்து, ஒரு சொல்லும் உதிர்க்காமல் ஊர் திரும்பி, தேவாலயத்துக்குள் பளிங்குக் கல்லறை கட்டிப் படுத்துக்கொண்ட சின்னக் கனவான்கள். பளிங்கு அங்கேயே நின்றுவிட்டது. கஞ்சி மட்டும் கடல் தாண்டி, கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மக்கீன் ஹாஜியாரின் வெள்ளைச் சட்டையில் ஏறிவிட்டது.

அவர் எப்படி உறுப்பினரானார்? எங்களூரில் தாய்வழிக் குடிகள் ஏழு. ஆசனம் குடிக்குக் குடி முறைவைத்துச் சுற்றும்; இந்தத் தடவை ஹாஜியாரின் குடிக்கு.

"படிச்ச புள்ள றினாஸ் இரிக்கானே, அவனப் போட்டா என்ன?" என்று ஒருவர் ஊர்க் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார்.

"அவன்ட குடிக்கு முறை வர இன்னும் மூணு எலக்சன் கெடக்கு காக்கா!"

இதற்குப் பெயர் ஜனநாயகமாம்.

கடற்கரை ஒழுங்கை என்கிற சந்தில் கைத்தறி நெய்கிற ஸம்றா என்ற பெண், மக்கீன் ஹாஜியாரைத் தேடிப் போனார். போன மாரியில் மழைநீர் வடியும் கான் அடைத்து, வெள்ளம் தறிக் கொட்டிலுக்குள் ஏறி, தறியில் ஏற்றிய பாவு நூல் முழுவதும் சேற்றில் ஊறி, மூன்று மாதம் பிழைப்பில்லாமல் இருந்தவர்.

"ஹாஜியார், மாரி வரப்போகுது. கானப் பத்திச் சபையில ஒரு வார்த்த கதைங்களன்."

"ஓம் மகள். இன்ஷா அல்லாஹ், பார்ப்பம்."

"போன வருசமும் இதத்தானே சொன்னீங்க?"

"பாத்தீங்களா, நான் சொல்லு மாறாத மனிசன்!"

ஸம்றா விடவில்லை. சபைக் கூட்டத்துக்கே போய், பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தார். கடற்கரை ஒழுங்கை என்றதும் நிமிர்ந்தார். வந்தது கான் அல்ல. ஹாஜியாரின் அமைதியான சேவையைப் பாராட்டி, ஒழுங்கைக்கு அவர் பெயரைச் சூட்டும் பிரேரணை. ஹாஜியார் பேசவில்லை. கையை மட்டும் உயர்த்தினார், தனக்குத்தானே. ஏகமனதாக நிறைவேறியது.

கான் அள்ள வராத ஆட்கள் பெயர்க்கல் நட ஒரே வாரத்தில் வந்தார்கள். ஒழுங்கை முனையில் வீடும் மதிலும் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: கானின் வாய். அதற்குள் கொங்கிரீட்டைக் கொட்டிக் கல்லை நிறுத்தினார்கள். திறப்பு விழா, பொன்னாடை, எல்லாருக்கும் வட்டிலப்பம்.

"கானுக்கு மேல வெச்சிட்டீங்களே ஹாஜியார், இனித் தண்ணி எங்கால போகும்?" என்றார் ஸம்றா.

"பேரு றோட்டுக்கு நல்லாத் தெரியிது என்ன மகள்?"

சிரிக்கிறீர்கள். விழாவில் நீங்களும் நின்றீர்கள். கானையும் கல்லையும் கண்டீர்கள். ஸம்றா கேட்ட கேள்வியும் காதில் விழுந்தது. வாய் நிறைய வட்டிலப்பம் இருந்ததால் பேசவில்லை. தேர்தலன்று குடியைப் பார்த்துப் புள்ளடி போட்டதும் நீங்கள்தான். பேசா உறுப்பினராவதற்குச் சபையில் ஆசனம் கட்டாயமில்லை.

வானம் கறுத்துக் கிடக்கிறது. ஸம்றா புதுப் பாவு ஏற்றிவிட்டார். நாளை சுபஹுத் தொழுகை முடிந்ததும், வீட்டிலுள்ள அலவாங்கு, கடப்பாரை எதையாவது எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைக்கு வாருங்கள்.