யாரா இருந்தா என்ன? நம்ம ஞானசேகர்!

கேலி செய்யப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கேலி என்று தெரிந்து கூனிக் குறுகுகிறவர்கள் ஒரு வகை. பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்கிறவர்கள் இன்னொரு வகை. பிளஸ் ஒன் படித்தபோது நான் இரண்டாவது வகையில் முன்வரிசையில் இருந்தேன். நன்றி சொன்னதோடு விட்டேனா? கழுத்தை நீட்டி மாலையும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இருந்தது. பள்ளிக்குச் சொந்தமாக பஸ்கள் உண்டு. ஆனால் அவை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. காலையில் எங்களை இறக்கிவிட்ட கையோடு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஆட்களை வாடகைக்கு ஏற்றப் போய்விடும். மாலையில் மணியடித்தால் மைதானத்தில் ஒரு பஸ் இருக்காது. ஷிப்ட் முடிந்தவர்களை வீடு சேர்த்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். அதுவரை நாங்கள் காத்துக்கிடப்பதற்கு நிர்வாகம் ‘சிறப்புப் படிப்பு நேரம்’ என்று பெயர் வைத்திருந்தது. சின்னப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைக்கு வைத்து வராந்தாவில் தூங்கிவிடுவார்கள். பிள்ளைப்பாக்கம் பக்கம் போகிற பிள்ளைகள் வீடு சேரும்போது இருட்டிவிடும்.

இதைக் கேட்க வேண்டியவர் மாணவர் தலைவர். ஆசிரியர்கள் கூடி இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த இருவரில் ஒருவரை நாங்கள் ‘தேர்ந்தெடுக்க’ வேண்டும். முந்தைய வருடத் தலைவன் பஸ் விஷயம் பேசப்போகிறேன் என்று புலி மாதிரி தாளாளர் அறைக்குள் போனான். வெளியே வரும்போது வாயில் சாக்லேட் இருந்தது.

அதனால் அந்த வருடம் பிளஸ் டூ அண்ணன்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலைவர் என்ற பதவியே வேடிக்கை என்றால், வேடிக்கையான ஒருவனையே நிறுத்திக் காட்டுவோம். பிளஸ் ஒன் மாணவர் யாரும் மனுப் போடலாம் என்று விதி இருந்தது (அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை). பள்ளியிலேயே தலைமைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள் யார் என்று தேடினார்கள். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லையாம்.

காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்ல மேடையேறி, பாதியில் மறந்துபோய், பதற்றத்தில் எங்கள் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டு இறங்கியவன் நான். அது மட்டுமில்லை, யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்லவும் எனக்கு வராது. யாராவது என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாலே திறந்து நீட்டிவிடுவேன்.

பிரவீன் அண்ணன்தான் வந்து பேசினார். பிளஸ் டூவில் எல்லாருக்கும் அவர் சொன்னதுதான் சட்டம்.

“இன்னா ஞானம், லீடருக்கு நீதான் நிக்கணும்னு பசங்க ஒரே பேச்சா கீது.”

“நானா? ஏண்ணா?”

“உன்னாட்டம் ஆளு இந்த ஸ்கூல்லயே கெடையாதுடா.”

(அது உண்மைதான். நான்தான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன்.)

எனக்குச் சின்னம் தலையாட்டி பொம்மை. எனக்கே லேசாகச் சந்தேகம் வந்து கேட்டேன். “தஞ்சாவூர் பொம்மைடா அது. எவ்ளோ தள்ளுனாலும் வுழாது. அதான் நீ!” என்றார் பிரவீன் அண்ணன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் சுவரெல்லாம் சார்ட் அட்டை. அதில் பெரிய எழுத்தில்: ‘யாரா இருந்தா என்ன? நம்ம ஞானசேகர்!’ எதிரே எப்பேர்ப்பட்ட ஆள் இருந்தாலும் நம் ஞானசேகர்தான் என்று அதற்குப் பொருள் கொண்டு, அந்த அட்டையின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நான் வராந்தாவில் நடந்தால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். நானும் பதிலுக்கு ஆட்டுவேன். ஆசிரியர்கள் எதிரே வந்தாலும் ஆட்டினேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, கம்பீரமாக ஆட்டுவது எப்படி என்று பழகினேன்.

கம்பெனியிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “லீடரா? இவனா?” என்று என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் விசாரித்தார். அதே பள்ளியில் எட்டாவது படித்த என் தங்கை கவிதாதான் நேராகச் சொன்னாள்: “வேணாம்ணா. எல்லாரும் சிரிச்சிகினு கீறாங்க.”

“சிரித்த முகத்தோடு ஓட்டுப் போடுவது நல்ல விஷயம்” என்றேன், மேடைத் தமிழில். அவள் அழாத குறையாக எழுந்து போய்விட்டாள்.

பிரச்சார நாள் வந்தது. மொத்தப் பள்ளியும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. மேடையில் தாளாளர். நான் படியேறும்போது பிரவீன் அண்ணன் என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார். தூரத்தில் பார்க்கும்போது செவ்வந்தி மாதிரிதான் தெரிந்தது. கழுத்தில் விழுந்த பிறகுதான் ரப்பர் போல மெத்துமெத்தென்று இருந்தது புரிந்தது. “வாடாத மாலை ஞானம், போ போ” என்று தள்ளிவிட்டார்.

‘பேரன்பு கொண்ட பெருமக்களே’ என்று ஆரம்பித்தேன். மைதானம் முழுக்கத் தலைகள் ஆடின. எனக்குப் புல்லரித்தது. நானும் ஆட்டினேன். தாளாளர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

“தம்பி, கழுத்துல என்னப்பா அது?”

“மாலை சார்.”

“எதுல பண்ணுனது?”

குனிந்து பார்த்தேன். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. “கம்பெனிக்காரங்க சத்தம் கேக்காம காதுல வெச்சிக்கிறது சார். நம்ம பஸ்ல சீட்டுக்கு அடியில நெறைய கெடக்கும் சார்.” கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

தாளாளர் முகம் சிவந்தது. “இது என்ன சின்னம்? எதுக்குத் தலையாட்டி பொம்மை?”

யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை பிரவீன் அண்ணன் எனக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். சத்தமாக ஒப்பித்தேன்: “இதுவரைக்கும் நம்ம தலைவருங்க எல்லாரும் ஆபீஸ் ரூம்ல இன்னா செஞ்சாங்களோ, அதையே நானும் செய்வேன் சார்!”

சொல்லி முடித்த பிறகு அந்த வாக்கியம் என் காதிலேயே வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு தலை மட்டும் ஆடவில்லை. எட்டாம் வகுப்பு வரிசையில் கவிதா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. மேடை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அது நல்ல சிமெண்ட்டில் கட்டிய மேடை.

அந்தத் தேர்தலில் நான் ஜெயித்தேன். எதிரே நின்ற இரண்டு பேரின் வகுப்புத் தோழர்களே எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் தாளாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

இங்கேயாவது வீரமாகப் பேசிவிட வேண்டும், நான் பொம்மை இல்லை என்று காட்ட வேண்டும் என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தேன். முதல் வாக்கியம் தயாராக இருந்தது. உள்ளே போனதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“பஸ் பத்தி பசங்க பேசிக்கிறாங்களா?”

தலையை ஆட்டினேன்.

“வீட்லயும் சொல்லியிருக்காங்களா?”

ஆட்டினேன்.

“உங்கப்பா எங்க வேலை பாக்குறாரு?”

இதற்கும் ஆட்டினேன்.

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “நம்ம பஸ் போற கம்பெனியிலயா?”

இல்லை. அப்பா வேறு கம்பெனி. ஆனால் கழுத்து என் கட்டுப்பாட்டில் இல்லை. ஆட்டினேன்.

“அங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா?” ஆட்டினேன். “அவங்கல்லாம் கெளம்பி இங்க வரப்போறாங்களா?” ஆட்டினேன். கடைசியில் அவர் மேஜையைத் தட்டி, “அப்ப தப்பு மொத்தமும் என்மேலதான்னு சொல்றியா?” என்றார்.

ஐயோ இல்லை சார் என்று உள்ளே அலறினேன். தலை மேலும் கீழும், அதுவும் கண்ணாடி முன்னால் பழகிய அதே கம்பீரத்தோடு, நிதானமாக ஆடியது.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். “சரி, நீ போ” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மணியடித்தபோது பஸ்கள் எல்லாம் மைதானத்தில் வந்து நின்றிருந்தன. கம்பெனிக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துவிட்டார்களாம். பிரவீன் அண்ணன் ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். “உள்ள போயி இன்னாடா பேசுன?”

“பேச வேண்டியதைப் பேசினேன்” என்றேன். (வேறு என்ன சொல்வது?) பஸ்ஸில் ஏறினால், கவிதா எனக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் பை என் சீட்டின் மேல் இருந்தது.

என் வீரக்கதை பெற்றோர் கூட்டம் வரைதான் தாங்கியது. தாளாளர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க பையன் ஒரு வார்த்தை பேசலைங்க. ஆனா என்ன அழுத்தம்!” என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா கூடத்தில் நாற்காலி போட்டு, தாளாளராகவும் நானாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் என் தலையாட்டலுக்கு மதிப்பே போய்விட்டது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பிடித்திருக்கிறதா என்று பெண்ணின் அப்பா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா, அம்மா, கவிதா மூன்று பேரும் ஒரே குரலில், “வாயால சொல்லு!” என்று கத்தினார்கள். பெண் வீட்டார் அரண்டுபோனார்கள். நான் போட்ட “புடிச்சிருக்கு” தெருமுனை வரை கேட்டதாம்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில்தான் எனக்கு வேலை. சாயங்காலம் மனைவி போன் செய்து, வரும்போது தயிர் வாங்கி வருவீர்களா என்று கேட்பாள். இந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அவள் ஒரு நொடி பொறுத்துப் பார்ப்பாள்.

“ஆட்டுனது போதும், வாயத் தொறங்க.”