பரண் ஏறிய மோட்டார்

இன்றைக்குள் மனைவியிடம் கையெழுத்து வாங்கியே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கடை நடத்தும் பெண்களுக்கான பாலிசி ஒன்றாவது இந்த மாதம் விற்காவிட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பேக்கரி அம்மா முதல் பியூட்டி பார்லர் அம்மா வரை தெருவே சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னது: "முதல்ல உங்க வீட்டம்மா எடுக்கட்டும் சார்."

வீட்டம்மாவுக்கு முன்னறையில் தையல் கடை. பாலிசிப் பேச்சை எடுத்தாலே, "இங்க யாருங்க வந்து திருடப் போறா?" என்று மிஷினை ஓடவிடுவாள். அந்தச் சத்தத்தில் இவர் பேச்சு எடுபடாது.

ஒரு தடவை திருடு போனால்தானே அருமை தெரியும்? அவள் பட்டன் வாங்கப் போன சமயம், தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றிப் பரணில் பழைய போர்வைக்குள் ஒளித்துவைத்தார்.

திரும்பி வந்தவள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கூச்சல் போடவில்லை.

"மோட்டாரைக் காணோம்."

"இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கிட்டேன். இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தா..."

"எடுத்திருக்கேனே. வேற கம்பெனில. இப்பவே போன் போடறேன், நாலு மணிக்கு ஆள் வந்து வீடு பூரா தேடுவாங்க."

வீட்டுக்குள்ளேயே ஏஜென்ட்டை வைத்துக்கொண்டு வெளியில் எடுத்தாளா? கோபப்படுவதா, மாட்டிக்கொள்வோமே என்று பயப்படுவதா? எதை முதலில் செய்வது என்று தெரியாமல், "தலை வலிக்குது, காபி போடேன்" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஏணியைச் சாத்தினார்.

மோட்டாரை அணைத்துக்கொண்டு குனிந்தால், கீழே அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாத்து இறங்குங்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஸ்க்ரூவெல்லாம் கிண்ணத்துல பத்திரமா இருக்கு. எந்தத் திருடன் அப்படி வெச்சுட்டுப் போவான்?"

"அப்ப நாலு மணிக்கு?"

"யாரும் வரல. நான் பாலிசியே எடுக்கல."

வெட்கத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு நப்பாசை. எடுக்கவில்லையென்றால் இனி எடுக்கலாமே. சட்டைப்பையிலிருந்து படிவத்தை நீட்டி, வேலை போகப்போகும் கதையை மறைக்காமல் சொன்னார். அவள் முகம் இளகியது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பேனாவை வாங்கிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிற கண்ணால் பொடி எழுத்தையெல்லாம் படித்தாள். பாதியில் நின்றாள்.

"இதென்ன, வீட்டு ஆளுங்களே எடுத்துட்டா பணம் தர மாட்டாங்களா?"

"சல்லிக்காசு தர மாட்டாங்க" என்றார் தொழில் பக்தியோடு.

அவள் பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினாள்.

"அப்ப எனக்கு எதுக்குங்க இது? இந்தக் கடைக்கு இருக்கிற ஒரே திருடன் நீங்கதானே."