சகடைக்கு அடித்த கெட்டிமேளம்

காலை எட்டு ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு விரல்.

வலது கைச் சுட்டுவிரல். வானத்தை நோக்கி நிமிர்ந்து இலேசாக ஆடியது. விரலுக்குச் சொந்தக்காரர் சுந்தரம்பிள்ளை, இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர், கலியாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். பட்டு வேட்டியும் சால்வையுமாக ஐயருக்குப் பக்கத்தில் நின்றார். என் மடியில் தவில் இருந்தது. நான் அடித்தேன்.

பின்னாளில் பத்திரிகையில் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேலே நான் எழுதிய பந்தியில் ஒரு தகவல்கூடப் பிழையில்லை. விரல் எதற்காக உயர்ந்தது என்பதை மட்டும் நான் விசாரிக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. மானிப்பாய்க்குக் கிட்ட ஒரு கலியாண வீடு. எனக்கு இருபத்திமூன்று வயது. தொழில், ட்ரம்ஸ் அடிப்பது. வருமானம், அக்கா வீட்டுச் சோறு.

எங்கள் அப்பா தவில்காரர். பன்னிரண்டு வயதுவரை அவரிடம் பழகினேன். பிறகு ஒரு மெல்லிசைக் குழுவின் மேடையில் ட்ரம் செட்டைக் கண்டேன். தவிலுக்குச் சப்பாணி கட்டித் தரையில் இருக்கவேண்டும். ட்ரம்ஸுக்குக் கதிரை உண்டு. தவில்காரனைப் பார்த்து ஐயரும் கிழவர்களும் தலையாட்டுவார்கள். ட்ரம்ஸ்காரனைப் பெண் பிள்ளைகள் பார்ப்பார்கள். இந்த இரண்டு காரணங்களுக்காகவும் தவிலை விட்டேன். (வேறு உயர்ந்த காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.)

தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. குழுவின் ஓர்கன் ஊமையானது. கிற்றார் ஊமையானது. மைக் இல்லாத பாட்டுக்காரனின் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. அது அவ்வளவு மோசமான குரல் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. கரண்ட் இல்லாமல் சத்தம் போடக்கூடியது என் ட்ரம்ஸ் மட்டும்தான். இனிக் குடாநாட்டு இசை முழுவதும் என் கையில்தான் என்று கொஞ்சக் காலம் திமிரோடு திரிந்தேன். தனி ட்ரம்ஸைக் கேட்க யாரும் காசு கொடுப்பதில்லை என்பது பிறகு விளங்கியது.

ஒரேயொரு ரியூட்டரி மாஸ்ரர் கூப்பிட்டார். ஒலிபெருக்கிக்குப் பற்றறி கிடைக்காத காலம். நான் சைக்கிள் கரியரில் இருந்து ட்ரம் அடிப்பது, அவர் மிதித்துக்கொண்டே புதிய வகுப்பைப் பற்றிக் கூவுவது என்று ஏற்பாடு. விடிய ஆறு மணிக்குத் தொடங்கினோம். எங்கள் ஒழுங்கைகளில் அந்த நேரத்தில் மேளம் கேட்டால் அதற்கு ஒரு அர்த்தம்தான், சாவு. முதலாவது படலையிலேயே ஒரு மனுசி ஓடிவந்து வழிமறித்தா.

"ஆர் தம்பி மோசம் போனது?"

"கெமிஸ்ரி அம்மா," என்றார் மாஸ்ரர்.

"எந்த வீடு?"

வகுப்புக்கு ஒரு மாணவனும் வரவில்லை. செத்தவீடு என்று நினைத்து இரண்டு பேர் வந்தார்கள். மாஸ்ரர் என்னைக் கரியரிலிருந்து இறக்கிவிட்டார்.

இப்படியாக நான் அக்காவின் குசினியில் நிரந்தரமான நேரத்தில்தான் அத்தானின் இரண்டாவது தவில்காரர் கனடாவுக்குப் போனார். அத்தான் நாதஸ்வரக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்.

"உனக்குத் தவில் ஞாபகம் இருக்கோ?"

"கை மறக்குமோ அத்தான்."

"கையைத்தான் கேட்டனான். வாயைக் கேக்கேல்லை. திங்கட்கிழமை ஒரு சேவகம் இருக்கு." (வாசிக்கப் போவதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் அது.) "ஒழுங்காய் வாசிச்சியெண்டால் இனி எல்லாத்துக்கும் என்னோடை வரலாம். பிழைச்சியெண்டால் அந்த ட்ரம்மைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு வை."

அக்கா அகப்பையோடு நின்று என்னைப் பார்த்தா. சட்டியில் இருந்த கடைசிக் கருவாட்டுத் துண்டு எனக்கா அத்தானுக்கா என்பது அந்தத் திங்கட்கிழமையில் தங்கியிருந்தது.

கலியாண வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது அத்தான் பாடம் நடத்தினார்.

"நீ பெரிசாய் ஒண்டும் செய்யவேண்டாம். இரத்தினம் அண்ணை முதல் தவில். அவர் வாசிக்கிறதுக்குப் பின்னாலை போ. கெட்டிமேளம் மட்டும் பிந்தக்கூடாது. விரலாட்டுவினம். ஆட்டினவுடனை அடி."

"ஆர் ஆட்டுவினம்?"

"ஐயருக்குப் பக்கத்திலை நிக்கிற பெரிய மனுசர் ஆரும். விரலைப் பார். வேறை ஒண்டையும் பாராதை."

நான் பார்த்தேன். பந்தலுக்கு நேர் முன்னால் மேளக்காரருக்குப் பாய் விரித்திருந்தார்கள். பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ஐயருக்குப் பக்கத்தில் நின்றவர்களின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் மட்டும் பழைய ஞாபகத்தில், அங்கே இல்லாத ட்ரம்ஸ் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. இரத்தினம் அண்ணை ஒரு தடவை குனிந்து, "தம்பி, காலிலை எறும்போ?" என்று கேட்டார்.

அன்று காலை ஒன்பது மணிவரை ராகுகாலம். முகூர்த்தம் ஒன்பது ஐந்துக்கு. பெண்ணின் தாய் பரமேஸ்வரி அக்கா சாத்திரத்தில் மிகவும் கெட்டி. மகளின் சாதகத்தோடு பொருந்தாத ஏழு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவ. தாலித்தட்டு சபையைச் சுற்றி ஆசி வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்பிவிட்டது. ஐயர் தாலிக்கொடியை மாப்பிள்ளையின் கையில் வைத்து, நேரம் போகவேண்டுமே என்பதற்காக மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கணித ஆசிரியர். பயந்த சுபாவம். "கெட்டிமேளம் கேட்டால் கட்டு, யோசிச்சுக்கொண்டு நிக்காதை" என்று அவருடைய தமக்கை விடியற்காலையிலிருந்து சொல்லி வைத்திருந்தா.

எனக்குத் தெரியாத ஒரு விசயம் இருந்தது. மெதுவாக, கடகடவென்று வந்து குண்டு போடும் விமானத்துக்குச் சனம் 'சகடை' என்று பெயர் வைத்திருந்தது. அந்தச் சத்தத்தை ஊரில் எல்லோருக்கும் முதல் கேட்கும் காது சுந்தரம்பிள்ளை ஸ்ரேசன் மாஸ்ரருடையது. அதனால் அன்று வானம் பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் தன் கடமையைச் சரியாகச் செய்தார். வடக்கே சத்தம் கேட்டது. விரலைத் தூக்கிக் காட்டினார். வயதுபோன கை, கொஞ்சம் ஆடியது.

நான் பிந்தவில்லை. அத்தான்கூட அதை மறுக்கமுடியாது.

நான் அடித்ததும் இரத்தினம் அண்ணையின் கை தானாக எழும்பியது. அத்தானின் கண் பிதுங்கியது. ஆனால் நாதஸ்வரச் சீவாளி ஏற்கனவே வாயில் இருந்தது, அவரும் ஊதினார். சபை அறுகரிசியையும் பூவையும் அள்ளி வீசியது. மாப்பிள்ளை எழும்பினார், யோசிக்கவில்லை, கொடியைப் பெண்ணின் கழுத்தில் போட்டார். ஐயர் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொன்னார். நான் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தேன்.

தும்மல், அழுகை போன்ற அபசகுனச் சத்தங்கள் காதில் விழாமல் மறைப்பதற்குத்தான் கெட்டிமேளம் என்பார்கள். அன்று அது ஒரு விமானத்தை மறைத்தது.

பந்தலின் சீலைக்கு மேலால் நிழல் ஓடியபோதுதான் சனம் அண்ணாந்து பார்த்தது. அரிசி எறிந்த கைகள் எறிந்தபடியே நிற்க, கால்கள் ஓடின. பாதிப் பேர் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள், மீதிப் பேர் குப்புற. மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையை விட்டு எழும்பக்கூடாது என்பதால் அதிலேயே குனிந்தார்கள். ஐயர் ஓமத்துக்குப் பக்கத்தில் படுத்தார். சகடை ஒன்றும் போடாமல் கிளாலிப் பக்கம் போய் மறைந்தது. கடைசியாக மேளத்தை நிற்பாட்டியவன் நான்.

எல்லோரும் எழும்பி மண்ணைத் தட்டிய பிறகு யாரோ மணியைப் பார்த்தார்கள்.

"எட்டு ஐம்பத்தாறு," என்றது ஒரு குரல்.

பரமேஸ்வரி அக்கா பங்கர் வாசலில் பாதி ஏறினபடி நின்று அழத் தொடங்கினா. "ராகுகாலத்திலை என்ரை பிள்ளைக்குக் கொடி ஏறிப்போச்சே. ஏழு மாப்பிள்ளையை உதுக்கோ திருப்பி விட்டனான்? ஆர் உவனை மேளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது?"

அத்தான் நாதஸ்வரத்தைத் துடைப்பதில் மிகக் கவனமாக இருந்தார்.

"நான் சகடையைக் காட்டினன்," என்றார் ஸ்ரேசன் மாஸ்ரர். "முப்பது வருசம் கொடி காட்டினனான். ஒரு றெயிலும் இப்பிடி வெளிக்கிடேல்லை."

ஐயர்தான் நிதானமாக இருந்தார். வேட்டியில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டு மாப்பிள்ளையைக் கேட்டார்.

"தம்பி, கொடியைப் போட்டீரோ, பூட்டினீரோ?"

எங்கள் பக்கத்தில் தாலி மஞ்சள் கயிறு அல்ல, பவுண் கொடி. முடிச்சுக்குப் பதிலாகச் சுரை என்ற திருகாணியைச் சுற்றிப் பூட்டவேண்டும். மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

"ரெண்டு சுத்துச் சுத்தினன் ஐயா. பேந்து குனிஞ்சிட்டன்."

"மூண்டாவது?"

"இல்லை."

ஐயர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "மூண்டு முடிச்செண்டுதானே சாத்திரம். அப்ப மூண்டு சுத்து. ரெண்டோடை நிண்டால் அது நகை. தாலியில்லை."

சாத்திரத்தில் இப்படி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை நான் தேடவில்லை. அன்றும் ஒருவரும் கேட்கவில்லை. பரமேஸ்வரி அக்கா அழுகையை நிற்பாட்டி, மற்றப் பாதியும் ஏறி வெளியே வந்தா. "பிள்ளை, அசையாதை. சுரை சுத்துப்பட்டிடும்," என்று மகளுக்குக் கட்டளையிட்டா.

பெண் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை மெல்லக் கேட்டா. "அப்ப இப்ப எனக்குக் கலியாணம் முடிஞ்சுதோ இல்லையோ?"

"மூண்டிலை ரெண்டு," என்றார் கணித ஆசிரியர்.

ஒன்பது ஐந்துவரை சபை ஒரு கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் என்னிடமிருந்து தவில் கம்பை வாங்கித் தன் இடுப்பில் செருகினார். ஸ்ரேசன் மாஸ்ரரைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். முகூர்த்தம் வந்ததும் ஐயர் தானே தன் கைலேஞ்சியை எடுத்து ஆட்டினார். இரத்தினம் அண்ணை தனியாகக் கெட்டிமேளம் அடித்தார். அறுகரிசி எல்லாம் மண்ணோடு போய்விட்டதால் குசினியிலிருந்து குத்தரிசி கொண்டுவந்து எறிந்தார்கள். மாப்பிள்ளை மூன்றாவது சுற்றைச் சுற்றினார்.

எனக்கும் சாப்பாடு தந்தார்கள். பாயசம் தரவில்லை.

வீட்டில் அத்தான் அக்காவுக்கு எல்லாவற்றையும் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தார். அக்கா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தா, முடியவில்லை.

"இனி வேறை ஆளைப் பிடிக்கப் போறியளோ?"

"ஆரைப் பிடிக்கிறது? அடிக்கத் தெரிஞ்சவங்கள் எல்லாம் கனடாவிலை நிக்கிறாங்கள். உவன்ரை கையிலை பிழையில்லை. கண்ணிலைதான் பிழை."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு அடிக்கட்டும்," என்றா அக்கா.

அவ பகிடிக்குத்தான் சொன்னா. அத்தானுக்குப் பகிடி விளங்குவதில்லை. அடுத்த சேவகத்துக்கு முதல் நாள் சட்டம் போட்டார்: தவிலைத் தொட்டதிலிருந்து இறக்கி வைக்கும்வரை நான் கண் திறக்கக்கூடாது. கெட்டிமேளம் வந்தால் அவர் பெருவிரலால் என் துடையில் குத்துவார். அப்போது அடிக்கலாம்.

சங்கானையில் ஒரு கலியாணம். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்தேன். எங்கே குத்து வரப்போகிறதோ என்ற பயத்தில் முகம் சுருங்கி, தலை தானாக ஆடியது. சபையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"அந்தப் பெடியனைப் பாருங்கோ. என்ன லயிப்பு. தன்னை மறந்து நிக்கிறான்."

"ஆற்றை மகன்?"

அதற்கடுத்த மாதம் அத்தானிடம் மேளம் பேச வந்தவர் வாசலிலேயே கேட்டார், "அந்தக் கண்மூடித் தவில் வருமோ?" அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வரும். ஆனால் அவர் காசு கொஞ்சம் கூட எடுப்பார்," என்றார். அவர் எனக்கு மரியாதை கொடுத்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. கருவாட்டுத் துண்டைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் கேள்வி எழவில்லை.

மூன்று வருடம் அப்படித்தான் உழைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நல்லூர்ப் பக்கத்தில் ஒரு வித்துவான் தன் மாணவர்களுக்கு என்னைக் காட்டி, "வாசிச்சால் உப்பிடி உள்ளுக்கை போகவேணும்," என்றாராம். துடையின் இடது பக்கம் நிரந்தரமாகக் கறுத்திருந்தது.

சுரைத் தம்பதியும் நன்றாக இருக்கிறார்கள். இப்போது லண்டனில். சண்டை வந்தால் மட்டும் அவ, "அந்த மூண்டாவது சுத்தை நீங்கள் சுத்தாமல் விட்டிருக்கலாம்," என்பாவாம்.

தொண்ணூற்றைந்தில், சமாதானப் பேச்சுவார்த்தைக் காலத்தில், எனக்குக் கலியாணம் நடந்தது. அத்தான் தன் செலவில் நாலு தவில் பிடித்தார். பிலிம் றோல் தட்டுப்பாடு. படக்காரர் தாலி கட்டும்போது இரண்டு படம் மட்டும் எடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அல்பத்தைக் கொண்டுவந்து விரித்து, "உவர் தாலி கட்டேக்கை நித்திரை," என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கப் போவா. பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

இரண்டு படத்திலும் என் கண் மூடியிருக்கிறது.