ரிக்ரெட் போதும்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாவது, கடிகாரம் பழுது பார்க்கும் வீட்டுக்காரர். இரண்டாவது, ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்ற அவர் மனைவி. மூன்றாவது, மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவன்; இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். பழுதுக்கு வந்த கடிகாரங்கள் பதினேழு. அவையாவது ஏதோ சத்தம் போட்டன. மனைவியிடமிருந்து முந்தின நாள் மாலை முதல் அதுவும் இல்லை.

தப்பு அவருடையதுதான். பதினோரு நாளைக்கு முன்னால் தொலைபேசி அடித்தபோது எடுத்தவர் அவர். பேசியது மனைவியின் சிநேகிதி. இருபத்திரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தவள்.

"சனிக்கிழமை ராத்திரி விமானம்ணே. மகளோடயே இருந்துரப் போறேன். திரும்பி வர்றது சந்தேகம்தான். அன்னைக்குக் காலையில அவள வரச் சொல்லுங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"ஆகட்டும்மா," என்று ரிசீவரை வைக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு, பேச்சு எப்படியும் மூன்று. ஆக, சனிக்கிழமை மதியச் சாப்பாடு கிடையாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடினார். சனிக்கிழமையும் வந்தது, விமானமும் போனது, அந்த நாளைதான் வரவில்லை.

நேற்று மாலை சிநேகிதி அங்கிருந்தே கூப்பிட்டாள். மனைவி பேசி முடித்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "எனக்கு உங்க மேல கோபம் இல்ல. டிஸப்பாயின்ட்மென்ட்தான்," என்றாள். அதோடு கதவு சாத்தியாயிற்று.

மைத்துனனைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள, ஏணி கிடக்கட்டும். டிஸப்பாயின்ட்மென்ட்னா என்ன?"

"ஏமாற்றம் மாமா."

"கோபம் இல்லையே?"

"இல்ல."

அவருக்கு மூச்சு வந்தது. "அப்ப காபி கேக்கலாமா?"

"கேட்டுராதீங்க. கோபம்னா உங்ககிட்ட இன்னும் எதையோ எதிர்பாக்குறாங்க. இது, எதிர்பாத்து முடிச்சாச்சுங்கிறது."

வந்த மூச்சு திரும்பிப் போனது.

மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். ஆனால் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. தொண்டை வரை வரும், அங்கேயே உட்கார்ந்துவிடும். இங்கிலீஷ் என்றால் வழுக்கிக்கொண்டு வரலாம்.

"சாரின்னு சொல்லிருங்க மாமா."

"அது பஸ்ல கால மிதிச்சா சொல்றது. கொஞ்சம் கனமா வேணும். ரொம்பவும் வேணாம்."

"ரிமோர்ஸ்?"

"அது எப்படி இருக்கும்?"

"செஞ்ச தப்பு உள்ளயே போட்டு அரிக்கும். தூக்கம் வராது, சோறு இறங்காது."

"எனக்குத் தூக்கமும் வருது, சோறும் இறங்குதே. வேற?"

"ஷேம். தலைய நிமிர்த்த முடியாது."

"என் தொழிலே தலையக் குனிஞ்சு பாக்குறது. அவளுக்கு வித்தியாசம் தெரியாது. வேற?"

மைத்துனன் யோசித்தான். "ரிக்ரெட். இப்படி நடந்திருக்க வேணாமேன்னு ஒரு வருத்தம். தப்பு யாரோடதுன்னு சொல்லணும்னு கட்டாயமில்ல."

"அது போதும்," என்றார் அவர்.

உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைகள் ஐந்தும் மடிக்காமல் ஒரு மூலையில் கிடந்தன. தொண்டையைச் செருமினார். "ஐ ரிக்ரெட்," என்றார்.

"எதுக்கு?"

"பொதுவா."

அவள் துண்டை உதறினாள். "இருபத்தாறு வருஷத்துல இந்த வார்த்தைய எத்தன தடவ டைப் அடிச்சிருப்பேன் தெரியுமா? வேலை கேட்டு எழுதுன பிள்ளைங்களுக்கு, உனக்கு இங்க இடமில்லன்னு சொல்றதுக்கு. மேனேஜர் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாரு. ஒருத்தரும் வருத்தப்பட்டு நான் பாத்ததில்ல."

"அப்ப ரிமோர்ஸ்னு வச்சுக்கோ."

"அது வந்தவன், வந்திருக்குன்னு சொல்லிக்கிட்டு நிக்க மாட்டான்." திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "ஏன்டா, இதுக்கு ஃபீஸ் வாங்கினியா?"

"இல்லக்கா. ஏணி கொடுக்க வந்தேன்."

பிறகு அவள், துண்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நேத்து அவ என்ன கேட்டா தெரியுமா? என் மேல உனக்கு என்ன கோபம், கடைசியா ஒரு தடவ வந்து நிக்கக்கூட மனசில்லையான்னு கேட்டா. எனக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னேன். வீட்டுக்காரர் சொல்லலன்னு சொன்னா, உங்களப் பத்தி என்ன நினைப்பா? அவ அதை நம்பல. சரி, உடம்பப் பாத்துக்கோன்னு வச்சுட்டா."

அவருக்கு உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் நழுவியது. உதவிக்கு மைத்துனனைப் பார்த்தார். இதற்கு அவனிடம் இங்கிலீஷ் இல்லை போலிருந்தது. அவன் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

"அவளுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. உங்க கையால. தமிழ்ல."

மேஜையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுதினார். தொலைபேசியில் இரைச்சல் இருந்ததை எழுதினார். அந்த வாரம் முழங்கால் வலித்ததையும், ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் அவசரமாக வந்து சேர்ந்ததையும் எழுதினார். விதி என்றும் ஓரிடத்தில் வந்தது. எண்ணினார். எண்பத்தேழு வார்த்தைகள். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவர் எழுதியதில்லை. கொஞ்சம் பெருமையாகவே கொண்டுபோய் நீட்டினார்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சிவப்புப் பென்சிலை எடுத்தாள். மேனேஜர்கள் ஒன்பது பேரின் கடிதங்களைத் திருத்திய கை அது. இரைச்சல் போனது. முழங்கால் போனது. சுவர்க் கடிகாரம் போனது. விதியின் மேல் கோடு இரண்டு தடவை விழுந்தது. கடைசி வரியில் பென்சில் நின்றது. 'வேண்டுமென்றேதான் நான் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம்' என்று முடித்திருந்தார்.

"நினைக்க வேணாமா?" என்று கேட்டாள்.

அவர் தலை குனிந்திருந்தது, குனிந்து பார்க்க முன்னால் கடிகாரம் ஏதும் இல்லை.

அவள் அந்த வரியின் கடைசி மூன்று வார்த்தைகளையும் அடித்தாள். "இப்ப சரியா இருக்கு. வேற தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டதும் காபி தர்றேன்."

அவர் புதுத் தாளை எடுத்தார். பழக்க தோஷம், எழுதுவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எண்பத்தேழில் எண்பத்து மூன்று போயிருந்தன. மிச்சம் நான்கு.