மலை வகை மேலாளர்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, எழுபத்திரண்டு கேள்விகள் கொண்ட குணவகைப் பரீட்சையைக் கண்டுபிடித்தது. மூன்றில் எது பெரிது என்று கேட்டால், அந்த லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் எல்லாரும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். சொல்லத் தயங்குகிறவர்கள் 'மேக' வகை. அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்வார்கள்.

பரீட்சையைக் கொண்டுவந்தவர் குண ஆலோசகர். ஒரு லேப்டாப், ஒரு அட்டைப் பெட்டி நிறைய பேட்ஜுகள், கண்ணை மூடிக்கொண்டு பேசும் பழக்கம், இவையே அவருடைய மூலதனம். உலகத்தில் உள்ள அத்தனை கோடிப் பேரும் நான்கே வகை என்று அவர் விளக்கினார். மலை வகை உறுதியாக முடிவெடுக்கும். நதி வகை வளைந்து கொடுத்துப் போகும். நெருப்பு வகை எதையும் பெரிதுபடுத்தும். மேக வகை உயரத்தில் மிதந்து எல்லாவற்றையும் பார்க்கும், எதிலும் இறங்காது.

"நாம இத்தனை நாள் வேலையை மட்டும் பார்த்துட்டு, வேலை செய்யறவங்க யாருன்னே பார்க்காம விட்டுட்டோம்" என்றார், கண்ணை மூடியபடி.

கைதட்டல் எழுந்தது. அக்காவும் தட்டினார்.

அக்கா என்பவர் அந்த அலுவலகத்தின் மூத்த ஆய்வாளர். அவரைவிடப் பத்து வயது பெரியவரான கிளை மேலாளர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். லிஃப்ட் ஏறும்போது கேட்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆபத்தான லிஃப்டை நிறுத்தும் உத்தரவில் பதினொரு வருடமாகக் கையெழுத்துப் போட்டு வந்தவர் அவர்தான். தன் வேலையிலேயே அவருக்குப் பிடித்தது அந்த ஒரு கையெழுத்துதான். அதைப் போட்ட அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

பரீட்சை நாளன்று மேலாளர் அவரை அறைக்குள் அழைத்தார்.

"அக்கா, இதுல எழுபத்திரண்டு கேள்வி இருக்காமே. எனக்கு எங்க நேரம்? நீங்களே போட்டுடுங்க. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் சிக்கல். முதல் கேள்வியே இப்படி இருந்தது: 'ஆபத்து என்று தெரிந்தால் நீங்கள் செய்வது: அ) உடனே நிறுத்துவேன். ஆ) மற்றவர்கள் சொல்கிறபடி செய்வேன். இ) நிலைமை கனியும்வரை காத்திருப்பேன்.' மேலாளர் ஓர் ஓட்டை நாற்காலியை மாற்றவே இரண்டு வருடம் நிலைமை கனியக் காத்திருந்தவர். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி, அவர் பெயரிலேயே, அவருடைய தாளிலேயே அப்படி எழுத அக்காவுக்குக் கை வரவில்லை. மேலாளர் பதவியில் இருந்தால் தான் என்ன செய்வோம் என்று யோசித்து, அதையே போட்டார். எழுபத்திரண்டும் முடிந்தபோது தன் தாளுக்கு ஐந்தே நிமிடம் மிச்சமிருந்தது. மேலிருந்து கீழே வரை 'ஆ' என்று கோடு இழுத்துக் கொடுத்துவிட்டார்.

மேலாளர் மலை என்று முடிவு வந்தது. அதுவும் சாதாரண மலை அல்ல. "இவ்வளவு சுத்தமான மலையை நான் என் அனுபவத்திலேயே பார்த்ததில்ல" என்று ஆலோசகர் கண்ணைத் திறந்து சொன்னார். அக்கா நதி.

மறு வாரமே சுற்றறிக்கை வந்தது. விதி நான்கு: 'லிஃப்டை நிறுத்தும் உத்தரவில் இனி மலை வகையினர் மட்டுமே கையொப்பமிடுவர். நதி வகையினர் தங்கள் எண்ணங்களை "உணர்வுகள்" என்ற தலைப்பில் சமர்ப்பிக்கலாம்.' அந்தக் கிளையில் மலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அக்கா சுற்றறிக்கையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். யாரைத் திட்டுவது? மலையைச் செய்தவரே அவர்தானே.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் மூச்சு வாங்க ஓடி வந்தார். நெற்றி நிறைய கிரீஸ், சட்டையில் நெருப்பு பேட்ஜ்.

"அக்கா, அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் இருக்கு பாருங்க, அங்க லிஃப்ட் தளத்துல வந்து நின்னுட்டு அப்புறம் நாலு விரக்கடை சறுக்குது. பிரேக்கைப் பிடிக்கிற லைனிங் தேய்ஞ்சு ரெண்டு மில்லிதான் இருக்கு. எந்த நேரமும் விட்டுடும்."

"ஆறாவது மாடியில குழந்தைகள் காப்பகம் இருக்கே?"

"அதைத்தான் சொல்றேன். நாப்பது பிள்ளைங்க. தினம் காலையிலயும் சாயங்காலமும் அதுலதான் ஏறி இறங்குதுங்க."

பழைய நாளாக இருந்தால் இதற்குள் கையெழுத்து விழுந்து லிஃப்ட் நின்றிருக்கும். ஆனால் நவீன நிர்வாகத்தில் அவசரம் என்றால் கூட்டம். கூட்டம் உடனடியாக மறுநாள் கூடியது.

"லைனிங் ரெண்டு மில்லி சார்" என்றார் மெக்கானிக்.

ஆலோசகர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். இவர் நெருப்பு. நெருப்பு எதையும் முப்பது சதவீதம் பெரிசுபடுத்தும். அதைச் சரிசெஞ்சுட்டுத்தான் கேட்கணும்."

"ஸ்கேல் வச்சு அளந்தேன் சார்."

"அளந்தது யாரு? நெருப்புதானே?"

மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்தார். "சார், நாற்பது குழந்தைங்க. இன்னிக்கே நிறுத்தணும்."

"ரொம்ப நல்ல உணர்வு" என்று ஆலோசகர் உருகினார். "பதிவு பண்ணிக்கோங்க. இப்ப மலை பேசட்டும்."

எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர் தன் பேட்ஜை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் மலை. மலை அவசரப்படுமா? கட்டடக்காரங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்போம். தலைமை அலுவலகம் என்ன நினைக்குதுன்னும் கேட்போம். நாம என்ன நினைக்கிறோம்னு அவங்க கேட்பாங்க. அப்புறம் பார்ப்போம்."

"எவ்வளவு உறுதி!" என்றார் ஆலோசகர். கூட்டக் குறிப்பில் 'மலை அசையவில்லை' என்று எழுதப்பட்டது. கூட்டம் அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மணி மூன்று. ஐந்துக்குப் பிள்ளைகள் இறங்குவார்கள். மேலாளரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததையெல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு காகிதத்தைப் படித்தால் யோசிப்பார். யோசித்தால் கையெழுத்துப் போட மாட்டார். படிக்காவிட்டால் எதில் வேண்டுமானாலும் போடுவார்.

இரண்டு விடுப்பு விண்ணப்பம், கழிப்பறைக்குச் சோப்பு கேட்டு ஒரு கடிதம், அதன்கீழ் நிறுத்த உத்தரவு, அதன்கீழ் இன்னொரு விடுப்பு விண்ணப்பம் என்று அடுக்கி நீட்டினார். மேலாளர் போனில் யாரிடமோ தன் மலைத்தன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஐந்திலும் போட்டார்.

மூன்றரைக்கு லிஃப்ட் நின்றது. பிரேக்கைக் கழற்றியபோது லைனிங் பிஸ்கட் மாதிரி பொடிந்து மெக்கானிக்கின் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் படம் எடுத்து அவர் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் மேலாளருக்குப் பாராட்டு விழா. நாற்பது குழந்தைகளைக் காப்பாற்றிய கையெழுத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் ஐந்து நிமிடம் மேலாளர் திருதிருவென்று விழித்தார். பத்தாவது நிமிடத்தில் அவருக்கே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"அன்னிக்குக் கூட்டத்துல நான் பிடி கொடுத்துப் பேசல. மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். மலைன்னா அப்படித்தான்."

"பரீட்சை பொய் சொல்லாது!" என்று ஆலோசகர் கண் கலங்கினார்.

வீட்டில் அக்காவின் கணவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "நீ சொல்ல வேண்டியதுதானே, அது நான் வச்ச காகிதம்னு?"

"சொன்னா என்ன ஆகும்னு நினைக்கறீங்க? நதி கொடுத்த உத்தரவு செல்லாதுன்னு அந்த லிஃப்டை மறுபடி ஓட விட்டுடுவாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"இப்படியே எத்தனை நாளைக்குச் சோப்புக்கு அடியில வச்சு வாங்குவே?"

அந்தக் கேள்வி வருடம் முழுக்க அக்காவின் கூடவே வந்தது. சோப்புக் கடிதத்தின் அடியில் இன்னும் ஆறு லிஃப்டுகள் நின்றன. அந்த அலுவலகத்தில் சோப்புக்குப் பஞ்சமே இல்லை.

மறு வருடம் பரீட்சை வந்தது. மேலாளர் அழைத்தார்.

"அக்கா, எனக்கு எங்க நேரம்?"

"நான் போட்டுடறேன் சார். போன தடவை கொஞ்சம் அவசரத்துல போட்டேன். இந்தத் தடவை உண்மையா போடறேன்."

"எப்பவுமே உண்மைதான் நல்லது" என்றார் மேலாளர்.

எழுபத்திரண்டிலும் 'இ' விழுந்தது. அதன்பிறகு அக்கா தன் தாளை எடுத்து, முதல் தடவையாக, ஒவ்வொரு கேள்வியையும் படித்துத் தன் மனசில் பட்டதைப் போட்டார்.

முடிவுகளை வாசித்த ஆலோசகரின் குரல் உடைந்தது. மேலாளர் மேகம்! மலை எப்படி மேகமாகும் என்று அலுவலகம் திகைத்தது. ஆனால் விஞ்ஞானம் திகைப்பதில்லை.

"மலை வளர்ந்துக்கிட்டே போனா கடைசியில எதைத் தொடும்? மேகத்தை! சார், நீங்க இனி இந்தக் கிளைக்குள்ள அடங்க மாட்டீங்க. தலைமை அலுவலகத்துல பன்னிரண்டு இயக்குநர்களும் மேக வகைதான்."

மேலாளருக்கு அன்றே பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது. அவர் காலி செய்யும் நாற்காலிக்கு ஒரு மலை வேண்டும். அந்த வருடம் பரீட்சை ஒரே ஒரு புது மலையைத்தான் காட்டியது. ஆலோசகர் லேப்டாப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"உங்க விடை எழுபத்திரண்டும், சார் போன வருஷம் போட்ட விடை எழுபத்திரண்டும் ஒண்ணா இருக்கு. ஒரு புள்ளிகூட மாறல. காப்பி அடிச்சிருக்கீங்க."

"அது என் குணம் சார்."

"போன வருஷம் நீங்க நதி. ஒரே வருஷத்துல நதி மலை ஆகுமா?"

"மலை மேகம் ஆகலாமா?"

"அது பதவி உயர்வு" என்றார் ஆலோசகர்.

'மேலதிகாரியின் ஆளுமையைக் களவாடியது' என்ற குற்றச்சாட்டின் பேரில் அக்காவுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. நிரூபணமானால் வேலை போகும். விசாரணை அதிகாரியாக மேலாளரே நியமிக்கப்பட்டார். திருடு போன பொருளை அடையாளம் காட்டச் சொந்தக்காரரைவிடத் தகுதியானவர் யார்?

மறுநாள் அக்கா உள்ளே போனபோது, மேலாளர் சட்டம் போட்ட தன் கையெழுத்தைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா. இந்த விசாரணை அறிக்கையை இன்னிக்கே அனுப்பணுமாம். எனக்கு எங்க நேரம்? நீங்களே எழுதி வச்சிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுப் பரிவோடு சொன்னார்: "பார்த்து. உங்களுக்கே ரொம்பக் கடுமையா எழுதிக்காதீங்க."

அக்கா தன் இடத்துக்கு வந்தார். எழுதினார்:

'விசாரித்தேன். ஆளுமை களவு போனது உண்மை. களவாடியவன் நான். சென்ற வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் எனக்காக எழுதியவர் மூத்த ஆய்வாளர். நாற்பது குழந்தைகளைக் காப்பாற்றிய உத்தரவையும் அவரே எழுதினார். நான் அதைப் படிக்கவில்லை. இந்த அறிக்கையையும் அவரே எழுதினார். இதையும் நான் படிக்கவில்லை. இப்படிக்கு, விசாரணை அதிகாரி.'

மேலே சோப்புக் கடிதத்தை வைத்து நீட்டினார். மேலாளர் இரண்டிலும் போட்டார். உறுதியான கையெழுத்து, பிசிறே இல்லை.

அறிக்கை பன்னிரண்டு பிரதிகளாகத் தலைமை அலுவலகத்தின் பன்னிரண்டு மேசைகளுக்குப் போனது. பன்னிரண்டு இயக்குநர்களும் நேரமில்லாததால் தங்கள் உதவியாளர்களை அழைத்து, "இதுக்கு ஒரு பதில் நீங்களே எழுதி வைங்க" என்றார்கள். பன்னிரண்டு உதவியாளர்களும் அறிக்கையை ஒரு வரி விடாமல், இரண்டிரண்டு தடவை படித்தார்கள். மறுநாளே அவர்கள் எழுதிய உத்தரவு வந்தது: விதி நான்கு ரத்து, மெமோவும் ரத்து. கிளையின் பொறுப்பு மூத்த ஆய்வாளருக்கு.

கீழே பன்னிரண்டு கையெழுத்துகள். போட்டவர்களில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. அந்தக் கம்பெனியின் லிஃப்டுகள் இன்றுவரை பத்திரமாக ஓடுவது அதனால்தான்.