கறண்டக்காவும் வக்கீலின் கடைவாய்ப் பல்லும்

குலசேகரத்தில் எங்கள் தெரு நாய்கள் அத்தனையின் வாயையும் கடைவாய் வரை பார்த்த ஒரே மனிதப் பிறவி கறண்டக்காதான். அவர் மிருக டாக்டர் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்க வருகிறவர். கறண்ட் கணக்கெடுக்க வருகிற அக்கா என்பதால் கறண்டக்கா; சொந்தப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மீட்டரை முன்வாசல் சுவரில் வைப்பார்கள். நாயையும் சரியாக அதற்குக் கீழேதான் கட்டுவார்கள். ஆகவே அக்கா ரீடிங் எடுக்கும் இடமெல்லாம் ஒரு நாய் நாற்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கும். நீங்களும் நானும் என்றால் ஓடுகிற வழியைப் பார்ப்போம். அக்கா கையில் மீட்டர் கண்ணாடிக்குள் அடித்துப் பார்க்க ஒரு டார்ச் உண்டு. ஒருநாள் அதை நாயின் வாய்க்குள் அடித்துப் பார்த்திருக்கிறார். அன்றோடு அவருக்கு மீட்டர் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

குரைக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிற நாய்க்கு அந்தப் பக்கம் பல் வேதனை. எச்சில் நூலாக வடிந்தால் ஈறில் கோளாறு. மூன்றடி தள்ளி நிற்கும்போதே நாற்றம் அடித்தால் பல்லில் காரை கட்டியிருக்கிறது. இப்படி ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார். பூனைகள் குரைக்காதே என்று கேட்பீர்கள். அதற்காக அக்கா கைப்பையில் நெத்திலிக் கருவாடு கொண்டுவருவார். ஒன்றை எடுத்துப் போடுவார். ஓடிவந்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்குகிற பூனைக்கு ஆசை இருக்கிறது, பல் ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். விளைவாக, அக்கா வருகிற நாளில் முன்னால் நாய்கள் குரைக்க, பின்னால் ஏழெட்டுப் பூனைகள் வரிசையாக நடந்துவர, கோயில் ஊர்வலம்போலத்தான் தெருவுக்குள் நுழைவார்.

பார்த்ததை வாயால் சொல்வதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ரீடிங் குறிக்க வெள்ளை அட்டை தொங்குமே, அதன் ஓரத்திலும் எழுதிவைப்பார். ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்கு அக்காவின் மேலதிகாரி சோதனைக்கு வந்தார். அட்டையை எடுத்துப் பார்த்தார். 'வாய்நாற்றம் கூடுதல். முன்பல் இரண்டு ஆடுகிறது. கிட்டே போனால் கடிக்க வரும்' என்று எழுதியிருந்தது. அந்த நேரம் தலைமையாசிரியர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்து, தக்கலையில் தனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டர் இருக்கிறார், வலிக்காமல் பார்ப்பார் என்று மிகுந்த பரிவோடு சொன்னாராம். தலைமையாசிரியர் அன்றைக்கு உண்மையாகவே கடிக்கப் போனார்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் வக்கீல். யாரைக் கண்டாலும் வாதாடுவதால் என் மனைவி சுஜா வைத்த பெயர். மற்றவர்களிடம் வெறும் வாதம்தான். கறண்டக்காவைக் கண்டால் மட்டும் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்வான். இரண்டு முறை நான் கீழே நின்று ரீடிங்கைச் சொல்ல, அக்கா எங்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்தபடிதான் எழுதிக்கொண்டார்.

இது எனக்கு மானக்கேடாக இருந்தது. யூடியூபில் வீடியோ பார்த்து மூன்று வாரம் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். நான்காவது வாரம் வக்கீல் அடியோடு அடங்கிவிட்டான். தபால்காரர் வந்தார், மீன்காரி வந்தாள், ஒரு முனகல்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாயை மூன்றே வாரத்தில் திருத்துவது எப்படி என்று ஒரு கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த ரீடிங் நாள் அக்கா வந்தார். வக்கீல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். நான் நெஞ்சை நிமிர்த்திப் பயிற்சியின் பெருமையைச் சொன்னேன். அக்கா மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாரே, இவன் ஏன் என்னைய ஏசல்ல?"

"திருந்திட்டான் அக்கா."

"திருந்தல்ல. வேதனையில கெடக்கான்."

பிறகு விசாரணை நடந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். குறைத்துக்கொண்டான், உடம்பைப் பார்த்துக்கொள்கிறான் என்றேன். எச்சில் வடிகிறதே என்றார். வெயில் என்றேன். பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போடுகிறானா என்று சுஜாவிடம் கேட்டார். ஆமாம், காக்காய்களுக்குக் கொடுக்கிறான் என்று நாங்களே மெச்சிக்கொண்டிருந்ததை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிறானா என்றார். தேய்க்கிறான். அதை நான் 'வணக்கம்' என்று சொல்லிக் கொடுத்ததாக நினைத்து வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

அக்கா எழுந்துபோய் வக்கீலின் முன்னால் குந்தினார். இத்தனை வருஷத்தில் அவனை முதல்முறையாகத் தொட்டார். "மக்கா, நான் ஒண்ணும் செய்யல்ல, கேட்டியா" என்று சொல்லிக்கொண்டே மேல் உதட்டை மெல்லத் தூக்கி டார்ச்சை அடித்தார். இடது கடைவாயில் பெரிய பல் நடுவில் பிளந்திருந்தது. சுற்றி ஈறு சிவந்து வீங்கி, சீழ் கட்டியிருந்தது. எப்போதோ எலும்பைக் கடித்து உடைத்திருக்கிறான். சுஜா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எழுதிய கட்டுரை உள்ளே மேஜைமேல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இவனைக் கொண்டு போவாம நான் ரீடிங் எடுக்க மாட்டேன் சாரே," என்றார் அக்கா.

ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குப் போனோம். வலியில் வக்கீல் எங்கள் இருவரையும் தொட விடவில்லை. அக்கா மடியில் மட்டும் தலையை வைத்துக்கொண்டான். முப்பது கிலோமீட்டர் தூரமும், எந்தக் காலைக் கடிக்க வேண்டுமென்று இத்தனை நாளும் ஆசைப்பட்டானோ அதன்மேலேயே எச்சில் வடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

மிருக டாக்டர் ஓர் இளம்பெண். எத்தனை நாளாக ஒரு பக்கமாகச் சவைக்கிறான் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். கருவாட்டு வாசனை அறையில் பரவியது. போன தடவை அந்தப் பல்லில் கீறல் இருந்தது, அதற்கு முந்தின தடவை காரை மட்டும்தான் என்று வரிசையாக வாசித்தார். அதை அட்டையிலும் எழுதியிருந்தாராம். நான் ஒருநாளும் ஓரத்தைப் பார்த்ததில்லை. அதற்குமேல் டாக்டர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சீழ் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருக்கும் என்பதையும், மயக்க ஊசி போட்டுத்தான் பல்லை எடுக்க வேண்டும் என்பதையும், இனி பல் தேய்த்துவிடும்போது மனிதர்களின் பேஸ்ட்டைத் தொடவே கூடாது என்பதையும் அக்காவிடமே சொன்னார். கடைசியில்தான் "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

மயக்கம் தெளிகிற வரை மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் மெதுவாக, நாங்கள் கவனித்திருக்க வேண்டும் என்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "அதுக்கு வாயிருந்தும் பறைய முடியல்லல்லா சாரே. நாமதான் பாக்கணும்," என்றார்.

அடுத்த முறை ரீடிங்குக்கு அக்கா வந்தபோது நாங்கள் வாசல் நடையில் காத்திருந்தோம். வக்கீல் எழுந்தான். உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினான். நன்றி தெரிவிக்கப் போகிறான் என்று சுஜா சொல்லி முடிக்கவில்லை, சங்கிலி அறுந்தது. அக்கா பையைப் போட்டுவிட்டு ஓடி மதில்மேல் ஏறிவிட்டார். கீழே நின்று அவன் ஊரே அதிரக் குரைத்தான். மேலே மூச்சு வாங்கியபடி அக்கா டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாட்டு ஆறியிருக்கு சாரே. கீழ்வரிசையில கொஞ்சம் காரை உண்டு, தேச்சு விடுங்க."

அக்காவுக்கு இப்போது கொட்டாரம் பக்கம் மாற்றல். சுஜா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வக்கீலுக்குப் பல் தேய்த்து, வாயைத் திறந்து படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். மத்தியானத்துக்குள் ஒரே ஒரு சொல் பதிலாக வரும்: 'கொள்ளாம்.' நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

போன ஞாயிறு நாலு மணியாகியும் பதில் வரவில்லை. சுஜா இரண்டு முறை அடுப்படிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினாள். நான் ஒரே பேப்பரை மூன்றாவது முறையாகப் படித்தேன். ஆறு மணிக்கு மேல் போன் சிணுங்கியது. கொள்ளாம். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சாயாவுக்குப் பால் காய்ந்தது.