ஓரங்குலத் தனிவழிக்காரர்

அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே எங்கெல்லாம் வட்டமாக ஒரு மண் தடம் போட்டு, சனிக்கிழமை சாயங்காலங்களில் தலைமேல் இறக்கை கட்டிய ஸ்பிரின்ட் கார்களை விரட்டுகிறார்களோ, அங்கெல்லாம் தவறாமல் ஒரு ஜீவராசியைப் பார்க்கலாம். அதற்குத் தனிவழிக்காரர் என்று பெயர். வேலியோரம் மடக்கு நாற்காலி, விதைக் கம்பெனி சும்மா கொடுத்த தொப்பி, கையில் ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பொரித்த பன்றி இறைச்சி, சட்டையில் போன வாரக் கடுகுச் சாந்தின் கறை. இவற்றை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். கண்ணில் படாமல் போய்விடுவாரோ என்ற கவலையே வேண்டாம், அவரே கூப்பிட்டுப் பேசுவார்.

என்ன பேசுவார்? "எல்லாம் ஒரே அச்சுய்யா! பெயின்ட்டைச் சுரண்டிட்டா பெத்த தாய்க்கே எது எவன் வண்டின்னு தெரியாது. அந்தக் காலத்துல ஒவ்வொருத்தனும் தன் கொட்டகையில தானே வெட்டி, தானே ஒட்டி ஒரு வண்டி கொண்டாருவான். கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை வெச்சே சொல்லுவோம், இது இன்னாரு வண்டின்னு. இப்ப? போன் போட்டா பெட்டியில வருது. நான் அப்படி இல்லப்பா. நான் வேற மாதிரி."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குயிலுக்குக் கூவல் எப்படியோ, இந்த இனத்துக்கு அது அப்படி.

இத்தனை நுணுக்கமாக உமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் முகம் மழிக்கும்போது பார்க்கிறேன். அடியேன் பெயர் ஆர்லோ பெக்கம். மேற்படி நாற்காலி, தொப்பி, கறை எல்லாம் என்னுடையவை. காரும் என்னுடையது; ஓட்டுவது மட்டும் என் மகள் டெஸ்ஸா. நான் ஓட்டிய காலத்தில் கார் வேறு மாதிரி போனது, பெரும்பாலும் வேலிக்குள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் இனத்துக்கே துரோகம் செய்தவனாவேன். அதன் இரும்புச் சட்டம் நாலு மாவட்டத்துக்கும் சட்டம் அனுப்புகிற அதே கம்பெனியிலிருந்து பெட்டியில் வந்தது. எஞ்சினை எல்லாருக்கும் கட்டிக்கொடுக்கிறவரே கட்டிக்கொடுத்தார். டயர் இன்னதுதான், இறக்கை இத்தனை அகலம்தான் என்று தடத்தின் விதி சொல்லிவிட்டது. விதிக்கு உட்பட்டு நானும் அதையே வாங்கினேன். அப்படியானால் உம்முடையது என்று அதில் என்னதான் இருக்கிறது என்று ஒரு பொல்லாதவர் கேட்கலாம். இருக்கிறது. முன் ஆக்சிலைச் சட்டத்தோடு பிணைக்கும் கம்பிகள் வந்து மாட்டுகிற காதுகளை, எல்லாரும் வைக்கும் இடத்தில் வைக்காமல், ஓரங்குலம் உள்ளே தள்ளி நானே வெல்டு வைத்திருக்கிறேன்.

ஓரங்குலம். முழுக் காரில் என் சொந்தச் சரக்கு அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஓரங்குலத்துக்கு நான் செய்த ராஜ மரியாதை இருக்கிறதே! பந்தயத்துக்கு முன் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கிற பிட் திடலில் வண்டியை இறக்கியதும் முன்பக்கத்தில் ஒரு போர்வையைப் போர்த்திவிடுவேன். டெஸ்ஸா சின்ன வயதில் போர்த்திக்கொண்ட, குதிரைக்குட்டிப் படம் போட்ட போர்வை. எவனாவது எட்டிப் பார்த்துத் திருடிவிடக் கூடாதல்லவா? இத்தனை வருஷத்தில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் என் நெஞ்சில் தைத்த முள். "அதனால வண்டி வேகமா போகுதாப்பா?" என்று டெஸ்ஸா ஒரு முறை கேட்டாள். "வேகம் என்னம்மா வேகம், வேற மாதிரி போகுது" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டயரில் காற்று அடிக்கப் போய்விட்டாள்.

இனி எங்கள் பிட் திடலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தகுதிச் சுற்றில் ஒரு கார் நொறுங்கி இழுவை வண்டியில் வந்து இறங்கினால், அடுத்த நிமிஷம் திடலில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். கேட்க வேண்டியதில்லை. ஒருவன் சக்கரத்தோடு வருவான், ஒருவன் ரேடியேட்டரோடு வருவான், ஐந்து நிமிஷம் முன்னால் தடத்தில் உங்களை வேலியோடு நசுக்கப் பார்த்தவன் தன் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வருவான். ஜெயிப்பதானால் ஓடுகிறவனோடு ஓடித்தான் ஜெயிக்க வேண்டும், திடலில் முடங்கிக் கிடப்பவனை ஜெயித்து வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது, அவ்வளவுதான். இது நடப்பதற்கு ஒரே காரணம் எல்லாக் காரும் ஒரே அச்சு என்பது. அவன் சக்கரம் என் காரில் பொருந்தும். தனிவழிக்காரர் வேலியோரம் உட்கார்ந்து திட்டுவது இதைத்தான்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, பருவத்தின் கடைசிப் பந்தயம். வருஷம் முழுக்கச் சேர்த்த புள்ளிகளில் டெஸ்ஸா முதலிடம், கோல்பி ரென்னர் என்ற பையன் ஒட்டினாற்போல் இரண்டாமிடம். மாலைப் பெரிய ஓட்டத்தில் கலந்துகொண்டு, கோல்பிக்கு ரொம்பப் பின்தங்காமல் முடித்தால் கோப்பை அவளுக்கு. எங்கள் தடத்தில் ஒரு பெண் அதை வாங்கியதில்லை. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

தகுதிச் சுற்றில் முன்னால் போன கார் சுழன்று குறுக்கே நின்றது. டெஸ்ஸா அதன் சக்கரத்தில் ஏறி இறங்கினாள். அவளுக்கு ஒன்றுமில்லை, முன் ஆக்சில் மட்டும் சிரிக்கிற வாய் மாதிரி வளைந்துவிட்டது. என்னிடமிருந்த ஒரே உபரி ஆக்சில் ஜூலையிலேயே வளைந்து, நிமிர்த்துகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, கொட்டகையில் கிடந்தது.

வழக்கப்படி ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன், நீங்கள் நம்ப மாட்டீர்கள், கோல்பி. தோளில் புத்தம்புது ஆக்சில்.

"புடிங்க ஆர்லோ. சீக்கிரம் மாட்டுங்க, நேரமில்ல."

மாட்டினோம். காது இங்கே இருக்க, கம்பி அங்கே நின்றது.

"என்னங்க இது, பொருந்த மாட்டேங்குது?"

இன்னொருவர் ஆக்சில் வந்தது. அதுவும் பொருந்தவில்லை. மூன்றாவதும் வந்தது. அந்தப் பிட் திடலில் அன்று இருந்த ஆக்சில்களெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்திகள், எங்களுக்கு மட்டும் உறவில்லை.

"அது வந்து..." என்றேன். "நம்மது வேற டிசைன்."

டெஸ்ஸா தலைக்கவசத்தைக் கழற்றினாள். "எவ்வளவு வேற?"

"ஓரங்குலம்."

வருஷமெல்லாம் யாராவது கவனிக்க மாட்டார்களா என்று ஏங்கினேனே, இப்போது திடலே குனிந்து என் ஓரங்குலத்தைப் பார்த்தது. அறுத்து மறுபடி வெல்டு வைக்க நேரமில்லை. டெஸ்ஸா அழவில்லை, திட்டவும் இல்லை. குதிரைக்குட்டிப் போர்வையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். அவள் என்னை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு விர்ஜில் ஹாக் வந்தார். இவர் வேலியோரத்தின் இன்னொரு முனையில் நாற்காலி போடுகிற இன்னொரு தனிவழிக்காரர். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேரும் தனித்தனி வழி. அன்று அவர் காரின் எஞ்சின் முதல் சுற்றிலேயே புகைந்து போயிருந்தது. கையில் ஏதோ நீளமாக, படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார்.

"யோவ் விர்ஜில், ஆக்சில் மாட்டப் போறியா, பிரசவம் பார்க்கப் போறியா?" என்றான் ஒருவன்.

வேறு வழியில்லாமல் விரிப்பைப் பிரித்தார். அவர் காரிலிருந்து கழற்றிய ஆக்சில். தூக்கி வைத்தோம். கம்பி போய்க் காதில் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது.

ஓரங்குலம் உள்ளே. அதே ஓரங்குலம்.

உங்களிடம் மறைப்பானேன். மகளின் கோப்பை பிழைத்ததென்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அந்தக் கணத்தில், இது பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா என்று தோன்றியது. தகப்பன் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தேன். விர்ஜில் முகத்தைப் பார்த்தால் அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா பார்த்துத் திருடினே?" என்றேன்.

"நானா? நீதான்யா திருடினே! நான்தான் விரிப்பு போட்டு மூடி வெச்சிருந்தேனே!"

"நானும்தான் போர்வை போட்டு மூடி வெச்சிருந்தேன்!"

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போய் அடிச்சுக்குங்க" என்றாள் டெஸ்ஸா காருக்கு அடியிலிருந்து. "போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் அந்த ஸ்பானரைக் குடுத்துட்டுப் போங்க."

கடைசி வரிசையில் இருந்து கிளம்பினாள். கோல்பி முதலாவதாக வந்தான். இவள் வெளிப்பக்க மண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காராகத் தாண்டி ஐந்தாவதாக வந்தாள். கோப்பைக்கு அது போதுமானதாக இருந்தது. நான் விர்ஜிலைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று ஊரில் சொல்கிறார்கள். கடுகுக் கறை அவர் சட்டைக்கு மாறியிருப்பதைப் பார்த்தால் உண்மையாகத்தான் இருக்கும். மேடையில் ஒலிபெருக்கிக்காரர், "உங்க வண்டியில அப்படி என்னம்மா ரகசியம்?" என்று கேட்க, டெஸ்ஸா சொன்னாள்: "பக்கத்து வண்டி ஆக்சில்."

குளிர்காலத்தில் அவள் என் காதுகளை அறுத்தெறிந்து, எல்லாரும் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டாள். "இனிமே எனக்கு வேணும்னா யார்கிட்டயும் வாங்கிக்கலாம், யாருக்காவது வேணும்னா நானும் குடுக்கலாம்" என்றாள். விர்ஜிலும் நானும் இப்போது நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, எல்லாம் ஒரே அச்சுய்யா என்று ஒரே குரலில் சொல்கிறோம். கொட்டகையில் நான் பின் ஆக்சிலில் ஒரு சின்ன யோசனை செய்து வைத்திருக்கிறேன், முக்கால் அங்குலம்தான். போர்வை போட்டு மூடியிருக்கிறேன். விர்ஜில் போன வாரம் கடையில் புதிதாகப் படுக்கை விரிப்பு ஒன்று வாங்கினாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குக் கார் கிடையாது, மண் தடம் கிடையாது, இந்தக் கிறுக்கெல்லாம் கிடையாது. ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில், "நல்லவேளை, நான் இவங்களை மாதிரி இல்ல, நான் வேற மாதிரி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டீர்களே, அது வேலி வரைக்கும் கேட்டது. வாருங்கள், விர்ஜில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறார்.